பழைய டீசல் வண்டியின் எண்ணெய்த் தொட்டியைச் செப்பனிடுதல்

பழைய மோட்டார் வண்டியொன்றைச் செப்பனிட விரும்புவோர் முதற்கண் நோக்குவன அதன் வெளித்தோற்றமும் எஞ்சினுமே. வர்ணம் மங்கியிருப்பின் புதிது பூசுவர். ஆசனத்துணி கிழிந்திருப்பின் மாற்றுவர். எஞ்சின் இடறினால் அதனைப் பிரித்து நோக்குவர். எண்ணெய்த் தொட்டியை எண்ணுவோர் மிகச் சிலரே. அஃது அசைவதில்லை, ஒலிப்பதில்லை, கண்ணுக்கும் எளிதிற் புலப்படுவதில்லை. எனினும், நெடுநாள் நின்றுபோன டீசல் வண்டி மீண்டும் செவ்வனே ஓடுவதும் ஓடாதொழிவதும் பெரும்பாலும் அத்தொட்டியின் தூய்மையைப் பொறுத்தனவாம். ஏரி கலங்கிக் கிடக்கக் கால்வாயை மட்டும் தூர்வாரிப் பயனென்ன? ஆதலின், தொட்டி கெடுவது எவ்வாறு, அதனை நன்னிலைக்குக் கொணர்வது எவ்வாறு, அப்பணியிற் காக்கவேண்டிய எச்சரிக்கைகள் யாவை என்பனவற்றை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

டீசல் எஞ்சினின் நுண்மை

இவ்வெஞ்சினுக்குத் தம் பெயரையே தந்த ருடால்ப் டீசல் என்பார் 1858-ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரிற் பிறந்த ஜெர்மானியர். இவர் 1892-இல் விண்ணப்பித்த உரிமைப் பட்டயம் அடுத்த ஆண்டிற் கிடைத்தது. 1897-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஆக்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் இவரது எஞ்சினைச் சோதித்தனர். எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதம் வேலையாக மாறுவதைக் கண்டனர். அந்நாளைய நீராவி எஞ்சின்கள் இதனினும் மிகக் குறைவாகவே பயன் தந்துவந்தன.

பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தீயை மூட்டுகின்றது. டீசல் எஞ்சினிலோ பொறி யாதும் இல்லை. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்று, தன் பருமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அமுக்கப்படும்பொழுது மிகுந்த சூடடைகின்றது. அச்சூட்டினுள் எண்ணெயைப் பீய்ச்சியவுடன் அது தானே பற்றிக்கொள்கின்றது. அமுக்குண்ட காற்றினுள் எண்ணெய் புகவேண்டுமாயின் அதனினும் பன்மடங்கு அழுத்தத்துடன் புகுத்தல் வேண்டும். அதுவும் மென்பனிபோற் சிதறிப் புகுதல் வேண்டும். இத்தொழிலைச் செய்வதே பீய்ச்சுபம்பு. இதனை 1927-ஆம் ஆண்டில் ஸ்டட்கார்ட் நகரத்து பாஷ் கம்பெனியார் பெருவாரியாகச் செய்யத் தொடங்கிய பின்னரே, டீசல் எஞ்சின் கப்பலையும் ஆலையையும் விட்டிறங்கித் தெருவில் ஓடும் வண்டிகளிற் பரவலாயிற்று. 1936-ஆம் ஆண்டு பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ்-பென்ஸ் கம்பெனியார் தம் ‘260 டி’ என்னும் டீசல் காரை வெளியிட்டனர்.

இப்பம்பினுள் ஓடும் சிறு தண்டிற்கும் அதனைச் சூழ்ந்த குழலிற்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதரின் தலைமயிர் சுமார் 70 மைக்ரான் பருமனுடையது எனின், அவ்விடைவெளி எத்துணைச் சிறிது என்பதை வாசகர் உய்த்துணரலாம். அன்றியும், பழைய பம்புகளிற் பலவற்றில் அந்நுண்ணிய தண்டுகளை வழவழப்பாக வைப்பது ஓடிவரும் டீசல் எண்ணெயே. எனவே, எண்ணெயோடு துருப்பொடி வருமாயின் அஃது உராய்ந்து தேய்க்கும். தண்ணீர் வருமாயின் வழவழப்புக் குன்றிப் பம்பே துருவேறும். தொட்டியின் மாசு தொட்டியளவில் நில்லாது வண்டியின் விலையுயர்ந்த உறுப்பையே அழிக்கவல்லது என்பது இதனாற் போதரும்.

ஓர் எடுத்துக்காட்டு

செய்முறை தெளிவாகும்பொருட்டு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். மெர்சிடிஸ்-பென்ஸ் ‘டபிள்யூ 123’ என்னும் வரிசை 1976-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் வெளிவந்து, 1986-ஆம் ஆண்டின் தொடக்கம்வரை செய்யப்பட்டது. சுமார் 27 லட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. இவற்றுள் 240 டி, 300 டி எனப்படும் டீசல் வகைகள் ஜெர்மனியில் வாடகைக் கார்களாக நெடுங்காலம் உழைத்துப் பின்னர் ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் இரண்டாம் வாழ்வு பெற்றன. ஜெர்மன் நாட்டில் முப்பது ஆண்டு நிறைந்து, இயல்பான உருக்குலையாது பேணப்பட்ட வண்டிகளுக்கு 1997-ஆம் ஆண்டு முதல் ‘எச்’ என்னும் எழுத்துடன் கூடிய தனி எண்பலகை வழங்கப்படுகின்றது. ஆகவே, இவ்வண்டிகளின் பழைய உறுப்புகளைக் கழித்தொதுக்காமற் செப்பனிட்டுக் காப்பதற்குத் தக்க காரணமும் உளது.

இவ்வரிசையின் நாற்கதவு வண்டிகளில் எண்ணெய்த் தொட்டி பின்னாசனத்திற்கும் சாமான் அறைக்கும் இடையே, பின்னச்சின் மேலாக நிற்கின்றது. அதன் அடியிற் சல்லடையொன்று திருகப்பட்டுளது. எண்ணெய் அச்சல்லடை வழியே இறங்கி, வண்டியின் அடியில் ஓடும் இரும்புக் குழாய் வழியாக முன்னே சென்று, உள்ளிருப்பது தோன்றும் சிறிய வடிகட்டியைக் கடந்து, இறைக்கும் பம்பினால் ஈர்க்கப்பட்டுப் பெரிய வடிகட்டியைச் சேர்ந்து, அதன்பின் பீய்ச்சுபம்பை அடைகின்றது. எரிந்தது போக எஞ்சிய எண்ணெய் வேறொரு குழாய் வழியாக மீண்டும் தொட்டிக்கே திரும்புகின்றது. எஞ்சின் எரிக்கும் அளவினும் மிகுதியான எண்ணெய் எப்பொழுதும் இவ்வாறு சுற்றிக்கொண்டேயிருத்தலின், தொட்டியில் அடங்கிக் கிடக்கும் வண்டலும் ஓயாது கலக்கப்படுகின்றது என்பதை நினைவிற் கொள்க.

தொட்டி கெடும் வகை

தொட்டிக்கு முதற் பகை தண்ணீர். எண்ணெய் குறையக் குறைய அதனிடத்தை நிரப்பக் காற்று உட்புகுதல் வேண்டும்; இதற்கெனச் சுவாசக்குழாய் ஒன்று உண்டு. பகலில் உட்புகுந்த ஈரக்காற்று, இரவிற் குளிர்ந்த தகட்டிற்பட்டுத் துளிகளாகப் படிகின்றது. டீசல் எண்ணெயின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியில் ஏறத்தாழ 0.82 முதல் 0.85 பங்கு ஆதலால், அத்துளிகள் எண்ணெயினூடே இறங்கி அடியில் தங்குகின்றன. அரைத்தொட்டி எண்ணெயோடு பல மாதம் நின்ற வண்டியிற் பெருங்கேடு விளைவது இதனாலேயே.

இரண்டாம் பகை துரு. இரும்பு, நீர், பிராணவாயு ஆகிய மூன்றும் கூடுமிடத்துத் துரு பிறக்கும். எண்ணெயால் மூடுண்ட நடுப்பக்கங்கள் பெரும்பாலும் காக்கப்படுகின்றன. தண்ணீர் தேங்கும் அடித்தகடும், எண்ணெய்மட்டத்திற்கு மேலே காற்றுப்படும் மேற்பகுதியுமே முதலில் அரிக்கப்படுகின்றன. ஆகவே வாய்வழியே விளக்கொளியை இட்டுப் பக்கங்களை மட்டும் நோக்கித் தொட்டி நன்று எனத் துணிதல் தகாது.

மூன்றாம் பகை உயிருள்ளது. எண்ணெயில் உயிர் வாழுமோ எனச் சிலர் வியக்கலாம். ‘ஹார்மோகோனிஸ் ரெசினே’ என்னும் பூஞ்சை எண்ணெயை உணவாகவும் அதன் கீழ்த் தேங்கிய தண்ணீரை இருப்பிடமாகவும் கொண்டு, இரண்டும் சந்திக்கும் மெல்லிய எல்லையிற் படர்கின்றது. விமானங்களின் எண்ணெய்த் தொட்டிகளைக்கூட இப்பூஞ்சை அரித்ததுண்டு. இதன் கூட்டம் கறுத்த கொழகொழப்பான ஏடுபோற் பிரிந்து சல்லடையை அடைக்கும். இது வெளிப்படுத்தும் அமிலங்கள் தகட்டையும் அரிக்கும். தண்ணீர் இல்லையெனின் இதற்கு வாழ்வில்லை. ஆதலின் மூன்று பகைகளுக்கும் மூலம் தண்ணீரே என்று அறிக.

இவற்றோடு, நெடுநாட்பட்ட எண்ணெய் காற்றோடு கூடிப் பிசினாவதும் உண்டு. இக்காலத்து ஐரோப்பிய டீசலில் 7 சதவீதம்வரை தாவர எண்ணெயிலிருந்து ஆக்கப்பட்ட பயோடீசல் கலந்திருக்கலாம். இது தண்ணீரை எளிதில் ஏற்பதோடு, பல்லாண்டு படிந்த பழைய அழுக்கையும் இளக்கிவிடும். நேற்றுவரை ஓடிய வண்டி புதிய எண்ணெய் ஊற்றிய சின்னாளில் வடிகட்டி அடைபட்டு நிற்பதன் காரணங்களுள் இஃதும் ஒன்று.

நோயை அறிதல்

வண்டி புறப்படும்போது நன்றாக ஓடிப் பின்னர் மேட்டில் வலுக்குன்றுமாயின், தொட்டிச்சல்லடையை ஐயுறுக. சற்று நேரம் நிறுத்தியபின் மீண்டும் நன்றாக ஓடுமாயின் அவ்வையம் வலுப்படும். ஏனெனில், ஈர்ப்பு நின்றவுடன் சல்லடையில் ஒட்டிய அழுக்கு விலகிக் கீழே விழுகின்றது. தொட்டியின் மூடியைத் திறக்குங்கால் ‘உஸ்’ எனக் காற்று உள்ளே பாயுமாயின் சுவாசக்குழாய் அடைபட்டுளது எனக் கொள்ளலாம். இஃதொன்றே குறையாயின் தொட்டியைக் கழற்றவே வேண்டா. முன்வடிகட்டியிற் செந்நிறப் பொடி காணின் துரு. கறுத்த ஏடு காணின் பூஞ்சை. எண்ணெயைக் கண்ணாடிக் குடுவையிற் பிடித்து ஓரிரவு அசையாது வைப்பின், அடியிற் பிரிந்து நிற்கும் தண்ணீரைக் கண்ணாரக் காணலாம்.

கழற்றுதல்

தொட்டியிலுள்ள எண்ணெயை முதலில் முற்றும் இறக்குதல் வேண்டும். 60 லிட்டர் எண்ணெய் சுமார் 50 கிலோ நிறையுடையதாதலின், நிறைந்த தொட்டியைக் கழற்ற முயல்வது பேதைமை. ரப்பர்க் குழாயை வாயால் உறிஞ்சி இறக்கும் வழக்கத்தை அறவே விடுக. ஒரு வாய் டீசல் நுரையீரலுட் புகுந்தாற் கடுநோய் விளையும். கைப்பம்பு மிக மலிவானது. இறக்கிய பழைய எண்ணெயை நிலத்திலோ சாக்கடையிலோ ஊற்றாது, கழிவெண்ணெய் ஏற்போரிடம் சேர்ப்பித்தல் கடன்.

பின்னர் மின்தொடர்பை நீக்கி, அடியிலுள்ள குழாய்களையும் சுவாசக்குழாயையும் அளவுகாட்டியின் கம்பிகளையும் கழற்றி, தொட்டியைச் சாமான் அறை வழியாக வெளிக்கொணரலாம். அடிச்சல்லடையைத் திருக 46 மில்லிமீட்டர் அளவுள்ள அறுகோணச் சாவி வேண்டும். பொருந்தாத சாவியால் முறுக்கின் தொட்டியின் அடித்தகடு கிழியக்கூடும். அளவுகாட்டியினுள் மயிரிழை போன்ற தடைக்கம்பிகள் உள்ளன. அதனை எடுத்துத் தனியே பொதிந்து வைக்க. அமிலத்திலோ சோடாவிலோ அமிழ்த்தலாகாது.

கழுவுதலும் துரு நீக்கலும்

எண்ணெய்ப்பசை முற்றும் அகலாமுன் துருவின்மேற் கைவைத்தலாகாது. பசையின் அடியில் ஒளிந்த துருவை எம்மருந்தும் எட்டாது. வெந்நீரிற் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றித் தொட்டியைப் பலமுறை குலுக்கிக் கழுவுக. தடித்த செதிள்கள் இருப்பின், சிறு சங்கிலியொன்றை உள்ளிட்டுக் குலுக்குவர். கூழாங்கற்களையும் ஆணிகளையும் இடுவோர் எண்ணி இட்டு எண்ணியே எடுத்தல் வேண்டும். சங்கிலியாயின் ஒருமுனையைப் பற்றி முழுவதும் இழுத்துவிடலாம். பழைய தொட்டிகள் சிலவற்றின் உட்புறம் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சுடையது. ஈயம் நஞ்சாதலின் கையுறை அணிந்து, கழுவிய நீரைத் தனியே சேர்த்து வைக்க.

துருவை நீக்க இரு முறைகள் சிறந்தன. ஒன்று மின்சார முறை. 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைத்துத் தொட்டியை நிரப்பி, வாய்வழியே ஓர் இரும்புக்கோலைத் தொட்டியின் எப்பக்கத்தையும் தொடாது தொங்கவிடுக. 12 வோல்ட் மின்னூட்டியின் நேர்முனையைக் கோலுக்கும் எதிர்முனையைத் தொட்டிக்கும் இணைப்பின், துரு மெல்ல இளகி உதிரும். நல்ல இரும்பு கரைவதில்லை. முனைகளை மாற்றி இணைப்பின் தொட்டியே கரையும். கறுக்கா எஃகினாலாகிய கோலைப் பயன்படுத்தலாகாது. அதிலுள்ள குரோமியம் நச்சு உப்பாக மாறும். சோடாவிற்குப் பதில் சோற்றுப்பை இடுவதும் கூடாது. குளோரின் வாயு எழும். தொட்டியில் எழும் குமிழிகள் ஹைட்ரஜன் வாயு. காற்றில் 4 முதல் 75 சதவீதம்வரை கலந்த நிலையில் அது வெடிக்கவல்லது. ஆகவே இதனைத் திறந்த வெளியிற் செய்க. மின்னூட்டியை நிறுத்திய பின்னரே கம்பிகளைக் கழற்றுக.

இம்முறைக்கு ஒரு குறையுண்டு. கோலுக்கு நேர்முகமான பக்கமே நன்கு துப்புரவாகும். தொட்டியினுள் எண்ணெய் அலையாதபடி வைத்த தடுப்புத்தகடுகளின் மறைவில் உள்ள துரு எஞ்சி நிற்கும். அங்ஙனமாயின் அமில முறையே ஏற்றது. எலுமிச்சையின் புளிப்பாகிய சிட்ரிக் அமிலத்தை நூற்றுக்கு ஐந்து பங்கு வெந்நீரிற் கரைத்து ஊற்றி, அவ்வப்போது திருப்பிவைத்து, துரு அகன்றவுடன் வடித்துவிடுக. நெடிது விடுத்தால் அமிலம் நல்ல தகட்டையும் உண்ணும். பின்னர்ச் சமையற் சோடாக் கரைசலால் எஞ்சிய புளிப்பை மாற்றித் தூயநீரால் அலசுக.

அலசிய தகடு சில நிமிடங்களிலேயே செம்மை பூக்கத் தொடங்கும். இந்நிலையிற் காலந்தாழ்த்தல் செய்ததனைத்தையும் வீணாக்கும். நீரை வடித்துத் தணலோ பிற நெருப்போ இன்றிச் சூடான காற்றை ஊதி உலர்த்தி, உடனே சிறிது டீசலை ஊற்றி எப்பக்கமும் படியச் சுழற்றுதல் வேண்டும்.

நெருப்பின் அபாயம்

இவ்விடத்து நாம் வற்புறுத்திக் கூறவேண்டியது ஒன்றுண்டு. டீசல் பெட்ரோல் போன்று எளிதிற் பற்றாது. ஐரோப்பிய அளவுப்படி 55 டிகிரி சென்டிகிரேடிற்கு மேற்பட்ட சூட்டிலேயே அதன் ஆவி தீப்பற்றும். இதனால் டீசல் தொட்டிக்கு அச்சமில்லை எனப் பட்டறைகளிற் பலர் கருதுகின்றனர். இக்கருத்து உயிரைப் போக்கும். வெல்டிங் சுடர் பட்ட தகடு நொடிப்பொழுதில் அவ்வளவைக் கடந்து பன்மடங்கு சூடேறும். மடிப்புகளில் ஒட்டிய சில துளிகளே ஆவியாகித் தொட்டி முழுதும் பரவும். மூடிய கலத்தினுள் அவ்வாவி பற்றின் தொட்டி குண்டுபோல் வெடிக்கும். வெறுந்தொட்டி நிறைந்த தொட்டியினும் கொடிது. ஏனெனில் அதனுள் ஆவியோடு கலத்தற்குரிய காற்று மிகுதி. ஆகவே, ஓட்டையை அடைக்க நெருப்பு வேண்டுமாயின், முற்றும் கழுவி, மந்தவாயு நிரப்பியோ தண்ணீரை ஓட்டைக்குச் சற்றுக் கீழ்வரை நிரப்பியோ, அத்தொழிலிற் பயின்றவரைக் கொண்டே செய்வித்தல் வேண்டும். ஊசித்துளைகளுக்கு, நெருப்பின்றி மின்சூட்டுக்கோலால் வைக்கும் ஈயப்பற்றே பெரும்பாலும் போதுமானது. பரந்து மெலிந்த தகட்டிற்கு எப்பற்றும் நில்லாது. அத்தொட்டியை விடுத்து வேறு தொட்டி தேடுதலே நன்று.

அடைத்தபின் சோதித்தல் வேண்டும். அழுத்தக் காற்றை விசையுடன் செலுத்துவோர் தொட்டியைக் கெடுப்பர். 60 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு பக்கத்தில், காற்றுமண்டல அழுத்தத்தின் பத்திலொரு பங்கு மிகுதியாயினும், 300 கிலோ பாரம் ஏற்றியதற்கு ஒப்பாகும். டீசலையே நிரப்பித் தொட்டியைத் தாளின்மேல் ஓரிரவு வைத்து, கசிவின் கறை உளதோ எனக் காலையில் நோக்குவது எளிய வழி.

உட்பூச்சு வேண்டுமா?

கழுவிய தொட்டியினுள் எப்பாக்ஸி முதலிய பூச்சுகளை ஊற்றிப் பரப்பும் வழக்கம் இந்நாளிற் பரவியுளது. தகடு எண்ணெய்ப்பசையும் ஈரமும் அற்றிருப்பின் இது பற்றிநிற்கும். தடுப்புத்தகடுகளின் மறைவில் சிறிது பசை எஞ்சினும், பூச்சு தோல்போல் உரிந்து சல்லடையை அடைக்கும். அதனை மீட்டும் அகற்றுவது துருவை அகற்றுவதினும் அரிது. தகடு உறுதியாயிருப்பின் பூச்சின்றி விடுத்து, எண்ணெய் நிறைத்து வைப்பதே எமக்கு ஏற்புடைத்தாகத் தோன்றுகின்றது. துத்தநாகம் பூசுதலோ பித்தளை, செம்பு உறுப்புகளை உள்ளே வைத்தலோ வேண்டா. இவ்வுலோகங்கள் டீசலை விரைவிற் கெடுத்துப் பிசினாக்கும்.

மீண்டும் பூட்டுதல்

சல்லடையைக் கழுவி, அதன் வளையத்தையும் ரப்பர்க் குழாய்களையும் புதியனவாக மாற்றிப் பூட்டுக. தொட்டியிலிருந்து எஞ்சின்வரை உள்ள குழாய்களை ஊதித் துப்புரவு செய்யாவிடின், தூய தொட்டியின் எண்ணெய் பழைய அழுக்கையே சுமந்துசெல்லும். இரு வடிகட்டிகளையும் மாற்றி, கைப்பம்பினால் எண்ணெயை ஏற்றிக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றிய பின்னரே எஞ்சினைத் தொடங்குக. முதல் சில வாரங்கள் முன்வடிகட்டியை அடிக்கடி நோக்கி, பொடி காணுந்தோறும் மாற்றுக. நீண்ட நாள் நிறுத்தும்போது தொட்டியை நிறைத்து வைப்பின் ஈரக்காற்றிற்கு இடமிராது.

ஒரு தகரப் பெட்டியைக் கழுவுதற்கு இத்துணை ஆராய்ச்சியா என வினவுவார் உளராயின், அவர்க்கு நாம் கூறும் விடை இது. இரவில் துளி படிவதைப் பௌதிகம் விளக்குகின்றது. துரு பிறப்பதையும் நீங்குவதையும் இரசாயனம் விளக்குகின்றது. எண்ணெயில் வாழும் பூஞ்சையை உயிர்நூல் விளக்குகின்றது. நம் கல்லூரியில் வெவ்வேறு அறைகளிற் பயிலும் இக்கலைகள் மூன்றும் அப்பெட்டியினுள் ஒருங்கே தொழிற்படுகின்றன. அவற்றை அறிந்து செய்பவன் நோயின் மூலமாகிய தண்ணீரை நீக்குகின்றான். அறியாது செய்பவன் துருவின்மேற் பூச்சைப் பூசி, அடுத்த மழைக்காலத்தில் அதே வேலையை மீண்டும் தொடங்குகின்றான். வெல்டிங் சுடரின் முன்னரோ அவ்வறியாமை அவன் உயிருக்கே இறுதியாதலும் கூடும்.